நெய்லா பிழைத்த கதை

கயிறு அறுந்த பிறகு திரையில் சத்தமே இல்லை. வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு பெண், நிலையத்தின் இரும்புக் கதவை விட்டு மெல்ல விலகிப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு தடவை கையை நீட்டினாள். பிறகு ஒரு புள்ளி ஆனாள். அந்தப் புள்ளியும் இருட்டுக்குள் போய்விட்டது.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

“இப்படி இல்ல! இது இல்ல கதை!”

சொன்னது நான்தான் என்பது, பின்வரிசையிலிருந்து ஒருவர் “உக்காருங்கக்கா, மறைக்குது” என்ற பிறகுதான் எனக்கே உறைத்தது. உட்கார்ந்தேன். மடியில் வைத்திருந்த ஈரக் குடை விழுந்து உருண்டது. பக்கத்து இருக்கையில் இருந்த போன் கடை ரிஸ்வான் அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, “உங்களுக்கு வந்த கோபம்தான் அக்கா எங்க எல்லாருக்கும்” என்றார், தணிந்த குரலில்.

அவருக்கு வந்த கோபமும் எனக்கு வந்த கோபமும் வேறு வேறு என்று அப்போது இரண்டு பேருக்குமே தெரியாது.

மழை விடாத ஒரு சனிக்கிழமைப் பகல் அது. எங்கள் இலங்கை மலையகத்து ஹட்டனில். நடந்து அதிக காலம் ஆகவில்லை. நான் எழுதும் இந்தத் தொடரில் குவைத்தில் வேலை செய்த நாட்களைப் பற்றியே சொல்லிவந்தவள் திடீரென்று சினிமா பார்த்த கதைக்கு வந்துவிட்டேனே என்று நினைக்க வேண்டாம். இதுவும் அந்த நாட்களின் கதைதான். எனக்குத்தான் அது பிந்தித் தெரியவந்தது.

ஆகாயத் துறைமுகம்

படத்தின் பெயர் ‘ஆகாயத் துறைமுகம்’. அதே பெயரில் முன்பு தொலைக்காட்சியில் ஒரு தொடர் வந்தது. வெளிநாட்டுத் தொடர். தமிழில் குரல் கொடுத்து வாரம் ஒரு தடவை காட்டினார்கள்.

அக்கரப்பத்தனையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், டிவி இருந்த வீடு அப்போது ஒன்றோ இரண்டோ. நாங்கள் பிரஜாசாலையில், அதாவது தோட்டத்துப் பொதுமண்டபத்தில்தான் பார்ப்போம். சின்னக் கறுப்பு வெள்ளை டிவி. கார் பெட்டரியில் ஓடும். மழைக்காலத்தில் பாதி நேரம் புள்ளி புள்ளியாகத்தான் படம் தெரியும். விண்வெளிக் கதை என்பதால் நட்சத்திரம் எது, புள்ளி எது என்று யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

நானும் என் அண்ணியும் ஒரே சாக்கை விரித்து உட்காருவோம். லெட்சுமி அண்ணி. என் அண்ணனைக் கட்டி எங்கள் லயத்துக்கு வந்தவர். என்னைவிடச் சில வயது மூத்தவர். பகலெல்லாம் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்த களைப்பில் மற்றப் பெண்கள் தூங்கி விழுவார்கள். அண்ணி மட்டும் கண் கொட்டமாட்டார்.

கதை இதுதான். வானத்தின் ஒரு ஓரத்தில் மிதக்கும் ஒரு நிலையம். பல உலகங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் அங்கே இருப்பார்கள். அவரவர் ஊர்ப்பக்கம் போகும் கப்பல் வந்தால்தான் வீட்டுக்குப் போகலாம். அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. காலை இழுத்து இழுத்து நடக்கும் கேப்டன் ஒருவர். பெண் குரலில் பேசும் இயந்திரம் ஒன்று. கதவு, குழாய் எல்லாம் பழுதுபார்க்கிறவள் நெய்லா.

எங்களுக்குப் பிடித்தவள் நெய்லாதான். யார் கூப்பிட்டாலும் கையைத் துடைத்துக்கொண்டு போய் நிற்பாள். வேலை முடிந்து திரும்பும்போது, யாருக்கும் கேட்காமல் எல்லோரையும் திட்டிக்கொண்டே வருவாள். “நம்ம ஆளு புள்ள இவ” என்று அண்ணி என் தொடையில் தட்டுவார்.

தொடர் பாதியில் ஓடிக்கொண்டிருந்தபோது நான் குவைத்துக்கு விமானம் ஏறினேன்.

இப்போது வந்திருக்கும் படம் அந்தக் கதையின் தொடர்ச்சி இல்லை. பழையது நடந்ததாகவே எண்ண வேண்டாம், முதலிலிருந்து புதிதாகச் சொல்கிறோம் என்று எடுத்திருக்கிறார்கள். அதில்தான் பலருக்கு வயிற்றெரிச்சல். அந்த வயிற்றெரிச்சல்காரர்களுக்குத் தலைவர் ரிஸ்வான். ஹட்டனில் என் தையல் கடைக்குப் பக்கத்தில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறார். சின்ன வயதில் அந்தத் தொடரைப் பார்த்து, அதற்காகவே ரேடியோப் பெட்டிகளைக் கழற்றத் தொடங்கினாராம். ஒருநாள் என் போனைத் திருத்திக் கொடுக்கும்போது அவர் கடைச் சுவரில் பழைய நிலையத்தின் படம் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன்.

“இது ஆகாயத் துறைமுகம் இல்லையா தம்பி?”

அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். “அக்கா, உங்களுக்கும் தெரியுமா?”

அன்றைக்கே என்னையும் அவர்களுடைய போன் குழுவில் சேர்த்துவிட்டார். குழுவின் பெயர் ‘பழைய துறைமுகம்’. மலையகத்தில் இப்படி ஒரு கூட்டம் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. தலவாக்கலைப் பக்கத்துப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் மோகன் சேர்தான் அதில் அதிகம் எழுதுவார். யாரோ எப்போதோ பதிந்து வைத்திருந்த பழைய பாகங்களைத் தேடிப் பிடித்து ஒவ்வொன்றாகப் போடுவார்கள். நான் ஏற்கெனவே பார்த்த ஆரம்பப் பாகங்கள்தான் வந்துகொண்டிருந்தன. ஆனாலும் தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன்.

எனக்கு ஒரேயொரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. சேர்ந்த புதிதில் கேட்டும்விட்டேன்: நெய்லா கடைசியில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாளா?

பதிலுக்கு ஒருவர் அழுகிற பொம்மை முகம் ஒன்றைப் போட்டார். அவள் வீடு போய்ச் சேர்ந்த காட்சி அவ்வளவு உருக்கமாக இருந்திருக்கிறது போல என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன்.

ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் கதை

குவைத்தில் எனக்கு அந்தக் கதை எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

அண்ணி அதிகம் படித்தவர் இல்லை. கடிதம் எழுத உட்கார்ந்தால் “நலம், நலமறிய ஆவல்” என்பதோடு கை நின்றுவிடும். அதனால் கேசட்டில் பேசி அனுப்புவார். ஊரிலிருந்து யாராவது வேலைக்கு வந்தால் அவர்கள் பெட்டியில் வரும். இல்லாவிட்டால் தபாலில், பழைய துணியில் சுற்றி வரும். நான் வேலை செய்த வீட்டின் மூத்த பெண் வேண்டாம் என்று தூக்கிப் போட இருந்த சின்ன டேப் ரெக்கார்டர் ஒன்று என்னிடம் இருந்தது.

பகல் சாப்பாடு முடிந்து அந்த வீடே தூங்கும். வெயில் அப்படி. நான் உடுப்புக் கழுவும் அறைக்குள் போய், கழுவும் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்வேன். சவர்க்காரத் தூள் வாசனை. மெஷின் சூடு முதுகில் படும். டேப்பைக் காதோடு வைத்து, சத்தத்தைக் குறைத்து, அமுக்குவேன்.

ஒரு பக்கம் வீட்டுச் சேதி. அம்மாவின் கால்வலி, அண்ணனின் குடி, யாருக்குக் கல்யாணம், எந்த லயத்துக் கூரை பறந்தது. சேதியோடு சேதியாக மழைச் சத்தமும், தூரத்தில் கொழுந்து லொறி மேடேறும் சத்தமும் கேட்கும். அந்த லொறிச் சத்தத்துக்காகவே சில இடங்களைத் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறேன்.

மறுபக்கம் நெய்லா. நான் விட்டுவிட்டுப் போன இடத்திலிருந்து, பிரஜாசாலையில் பார்த்ததை அண்ணி அப்படியே சொல்வார். கேப்டனுக்குக் கேப்டன் குரல். இயந்திரத்துக்கு மூக்கால் ஒரு குரல். நெய்லாவுக்குத் தன் சொந்தக் குரல்.

எனக்கு அந்தக் கதை டிவியில் பார்த்ததைவிட நன்றாக விளங்கியது. நெய்லா கதவு திருத்த வெளியே போகிறாள், கயிறு அறுந்துவிடுகிறது, தூரத்தால் போன ஒரு பழைய சரக்குக் கப்பல் அவளைத் தூக்கிக்கொள்கிறது, அந்தக் கப்பலில் அவளுக்கு வேலை கிடைக்கிறது, கப்பல் மெதுமெதுவாக அவள் ஊர்ப்பக்கம் போகிறது. நான் நாடு திரும்பும்வரை அது போய்க்கொண்டே இருந்தது.

வந்து இறங்கிய சில நாளில் அண்ணியிடம் கேட்டேன். “நெய்லா போய்ச் சேர்ந்துட்டாளா அண்ணி?”

“அதுக்குள்ள டிவி பழுதாப் போச்சு புள்ள. நான் பாக்கல” என்றார்.

பிறகு எனக்குக் கல்யாணம், தையல் பழகியது, ஹட்டனுக்கு வந்தது என்று காலம் ஓடிவிட்டது. எங்கேயாவது பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது மட்டும் நினைப்பேன். அந்தக் கப்பல் எங்கே போயிருக்கும்?

விண்வெளியில் பெரட்டு

படம் முடிந்து வெளியே வந்தபோதும் மழை நிற்கவில்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில், சேர்ந்து படம் பார்க்க வந்த குழுக்காரர்கள் எல்லோரும் ஒதுங்கினோம். இஞ்சி போட்ட பிளேன்டீ வந்தது. ஈரச் சட்டைகளிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது.

மோகன் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அழுதாரோ, மழையோ தெரியவில்லை.

“கேப்டன் ஏன் நேரா நடக்கிறாரு?” என்றார். “காலை இழுத்து நடக்கிறதுலதானே அவரு வாழ்க்கையே இருக்கு? அந்த விபத்து நடக்கல்லன்னா அவரு ஏன் அந்த நிலையத்துக்கு வரணும்?”

“இயந்திரத்துக்கு ஆம்பளக் குரல் சேர்” என்றார் ரிஸ்வான். “அத என்னால மன்னிக்கவே ஏலாது. சின்னதுல எங்கட வீட்டுல உம்மாவோட குரலுக்கு அடுத்து நான் கூடுதலாக் கேட்ட குரல் அது.”

“கதவெல்லாம் பளபளன்னு இருக்கு” என்றார் இன்னொருவர். “பழசுல துரு இருக்கும்.”

அவர்கள் பேசப் பேச எனக்கும் சூடேறியது. இத்தனை பேர் என் பக்கம் இருக்கிறார்கள் என்ற தைரியம் வேறு.

“அதெல்லாம் போகட்டும் சேர்” என்றேன். “நெய்லாவக் கொன்னுட்டாங்களே, அத யாரும் பேசலயே? அவள அந்தச் சரக்குக் கப்பல் வந்து தூக்குறத எடுக்கவே இல்லையே!”

எல்லோரும் கோப்பையோடு என் பக்கம் திரும்பினார்கள்.

“எந்தச் சரக்குக் கப்பல்?” என்றார் மோகன் சேர்.

“பழைய கப்பல். காலையில ஆளுங்கள வரிசையா நிப்பாட்டிப் பெரட்டு எடுப்பாங்களே. பேர் கூப்பிடுற தடிச்ச ஆளு ஒருத்தர் இருப்பாரே. நெய்லாவுக்கு முதல் நாள் ரொட்டியும் கட்டச்சம்பலும் குடுப்பாங்க. அவ உறைப்புத் தாங்காம அழுவா.”

தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்குத்தான் நாங்கள் பெரட்டு என்போம். அந்த மேசையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். மோகன் சேர் என்னையே பார்த்தார்.

“விண்வெளியில பெரட்டா?” என்றார், மெதுவாக.

யாரோ சிரித்தார்கள். ரிஸ்வான் சிரிக்கவில்லை.

“அக்கா, நெய்லா பழசுலயும் செத்துட்டாதானே. கயிறு அறுந்து. அதோட அவ திரும்ப வரவே இல்ல.”

“இல்ல தம்பி. நீங்க அப்பச் சின்னப் பிள்ள. மறந்திருப்பீங்க.”

“அப்பவே டீச்சர்ஸ் கொலேஜ்ல படிச்சுக்கிட்டிருந்த நான் மறக்க மாட்டேனே” என்றார் மோகன் சேர். “இந்தப் படத்துல அவங்க மாத்தாம விட்டது அது ஒண்ணுதான். அந்த ஒண்ண மட்டும் பிழைன்னு சொல்றீங்களே நீங்க.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமாகவும் இருந்தது. வளர்ந்த பெண், ஒரு டிவி கதைக்காகத் தேநீர்க் கடையில் அழுகிறாள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் குடையை எடுத்தேன். ரிஸ்வான் கடை வாசல்வரை வந்தார்.

“அந்தப் பாகம் என்கிட்ட இருக்கு அக்கா. உங்களுக்கு அனுப்பி விடவா? நீங்களே பாருங்க.”

அனுப்பினார். அன்று நான் அதைத் திறக்கவில்லை.

போஞ்சி கிள்ளும் கை

மறுநாள் ஞாயிறு. கடையைத் திறக்காமல் அக்கரப்பத்தனை பஸ் ஏறினேன். லிந்துலை தாண்டியதும் மூடுபனி கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டது. போனைக் கைப்பையிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அண்ணி ஏதோ பிழையாக விளங்கிக்கொண்டு சொல்லியிருப்பார் என்று ஒரு நேரம் தோன்றியது. இல்லை, எங்கள் ஊருக்கு மட்டும் வேறு கதை காட்டியிருப்பார்கள் என்று ஒரு நேரம். அதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

அண்ணியும் அண்ணனும் இப்போது லயத்தில் இல்லை. மேட்டில் கட்டிய தனி வீட்டில் இருக்கிறார்கள். அண்ணன் குடியை விட்டுவிட்டு மரக்கறித் தோட்டம் போடுகிறார். நான் போனபோது தோட்டத்தில் இருந்தார். அண்ணி குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில், தட்டை மடியில் வைத்து, கறிக்குப் போஞ்சிக்காய் கிள்ளிக்கொண்டிருந்தார். வேலையிலிருந்து ஓய்வுபெற்றும் விரல்களின் வேகம் மட்டும் குறையவில்லை.

“என்னா புள்ள, சொல்லாம கொள்ளாம?”

உட்காருவதற்கு முன்னமே கேட்டுவிட்டேன். “அண்ணி, நெய்லா செத்துட்டாளாமே?”

“யாரு?” என்று பதறினார். சொந்தத்தில் யாரோ என்று நினைத்துவிட்டார்.

“டிவி நெய்லா. ஆகாயத் துறைமுகம்.”

போஞ்சி கிள்ளிய கை நின்றது.

“ஆரு சொன்னா?”

“எல்லாரும்தான் சொல்றாங்க. பழைய படம் இந்தா போன்ல இருக்கு.”

“போடு பாப்போம்.”

போனைத் தேங்காய் எண்ணெய்ப் போத்தலில் சாய்த்து வைத்தேன். இரண்டு பேரும் தலையை ஒட்டிக்கொண்டு பார்த்தோம். புதுப் படத்தில் மாதிரிப் பிரமாண்டம் ஒன்றும் இல்லை. நெய்லா கதவைத் திருத்துகிறாள், கையைத் துடைக்கிறாள், கயிறு அறுகிறது. “நெய்லா! பதில் சொல் நெய்லா!” என்று கேப்டன் வானொலி நாடகத் தமிழில் கூப்பிட்டார். பதில் வரவில்லை. நட்சத்திரங்கள். முடிந்துவிட்டது.

“கலர்லயா எடுத்திருந்தாங்க இத?” என்றார் அண்ணி.

திரையை விரலால் ஒரு தடவை தொட்டார்.

“ஆமா. இதுதான். அன்னைக்குப் பிரஜாசாலையே அழுதுச்சு புள்ள.”

“அப்ப அந்தக் கப்பல்?”

“அது நான் கட்டுனது.”

“பெரட்டு?”

“அத்தன ஆளு வேல செய்ற எடத்துல பெரட்டு எடுக்காம எப்படி?” என்றார், அதுதான் நியாயம் என்பது போல.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணியும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கேசட்டின் மற்றப் பக்கம் ஞாபகம் வந்தது. கேசட்டுக்கு இரண்டு பக்கம். நான் அந்த ஊரில் சாப்பிட்டு உறங்கி எழும்பியதெல்லாம் அந்த இரண்டு பக்கத்தையும் நம்பித்தான்.

“அப்ப மத்தப் பக்கமும் இப்படித்தானா அண்ணி? வீட்டுச் சேதியும் நீங்க கட்டுனதா?”

அண்ணி தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்தார். அவர் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை.

“என்னா பேச்சு பேசுற சாந்தி? வீட்டுச் சேதில ஒரு சொல்லு கூட்டிக் கொறச்சு நான் சொல்லல. ஒங்கண்ணன் குடிச்சுட்டு விழுந்ததக்கூட மறைக்காமத்தான சொன்னேன்? அம்மா போன சேதியையும் நாந்தான சொன்னேன்?”

“சரி அண்ணி, சரி. நான் சும்மா...”

“அந்தக் கேசட்டு ஞாபகம் இருக்கா ஒனக்கு?”

உக்காந்துக்க

அம்மாவின் சாவு எனக்குக் கேசட்டில்தான் தெரியவந்தது என்பதை, நான் எழுதும் இந்தத் தொடரில் முன்னொரு தடவை சொல்லியிருக்கிறேன். அண்ணி தலவாக்கலைக்குப் போய்ப் போன் எடுத்திருக்கிறார். குவைத் வீட்டில் எடுத்தவர்களுக்கு அவர் பேசியது விளங்கவில்லை. அவருக்கும் அவர்கள் பேசியது விளங்கவில்லை. கடைசியில் கேசட்டில் பேசி, புறப்பட இருந்த ஒரு பெண்ணின் கையில் கொடுத்துவிட்டார். என் கையில் வந்து சேர்ந்தபோது அம்மாவின் காரியமெல்லாம் முடிந்திருந்தது.

“சாந்தி, உக்காந்துக்க. நின்னுக்கிட்டுக் கேக்காத.” அந்தக் கேசட் அப்படித்தான் தொடங்கும்.

இவ்வளவும் எழுதியிருக்கிறேன். எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அப்பேர்ப்பட்ட இடத்தில் அதைச் சொல்வது சரியில்லை என்று அன்று பட்டது. சில நாள் கழித்து, கழுவும் அறையில், அதே கேசட்டை நான் மறுபக்கம் திருப்பிப் போட்டேன். போடுவேன் என்று நானே நினைக்கவில்லை. அந்த நாட்களில் நான் சாப்பிடவில்லை. மேடம் கூப்பிட்டால் போய் நிற்பேன், சொன்னதைச் செய்வேன், அவ்வளவுதான். வேறு குரல் எதுவும் இல்லாததால், அண்ணியின் குரலாவது கேட்கட்டும் என்று போட்டேன்.

“கேளு புள்ள, நெய்லா கதைய விட்ட எடத்துல இருந்து சொல்றேன். கதவு திருத்த வெளிய போனா. கயிறு அறுந்துபோச்சு. போறா, போறா, தூரமாப் போறா. இனி அவ்வளவுதான்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. அப்பப் பாரு, அந்தப் பக்கத்தால ஒரு பழைய கப்பல் வருது.”

கப்பலில் ஏறிய நெய்லாவுக்கு ரொட்டியும் சம்பலும் கொடுத்தார்கள். அன்று பின்னேரம் நான் குசினியில் ஒரு துண்டு ரொட்டி எடுத்துச் சாப்பிட்டேன்.

இதை நினைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க, அண்ணி அடுப்பில் தண்ணீர் வைத்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சொன்னார்.

“அவ டிவில செத்தது, அம்மாவ அடக்கம் பண்ணின அதே வாரம். வீட்டுலயே இருக்க முடியாம பிரஜாசாலைக்குப் போனேன். அங்க போனா இவளும் போறா. அடுத்த நாள் ஒனக்குப் பேச உக்காந்தேன். ஒரு பக்கம் அம்மா போயிட்டாங்கன்னு பேசி முடிச்சேன். திருப்பிப் போட்டேன். என்னா புள்ள சொல்றது? இந்தப் பக்கமும் சாவா? நீ அங்க தனியாக் கெடக்குற. அம்மாவ மாத்த என்னால முடியாது. இவள மாத்தலாம்ல?”

தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது.

“அதுக்கப்புறம் வுட முடியல” என்றார். “ஒவ்வொரு கேசட்டுக்கும் கத வேணுமே. கொழுந்து எடுக்கும்போதெல்லாம் அதே யோசனதான். பக்கத்து நெரையில இருக்கிறவளுங்க கேப்பாளுக, என்னாக்கா இன்னைக்குக் கப்பல் எங்க நிக்குதுன்னு. அவளுகளும் ஆளுக்கொண்ணு சொல்லுவாளுக. கட்டச்சம்பல் அவளுக சொன்னதுதான்.”

அப்படியென்றால், குவைத்தில் நான் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்த கதையை இங்கே ஒரு மலையே சேர்ந்து கட்டியிருக்கிறது. எழுந்து போய் அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டேன். “தேத்தண்ணி கொட்டப்போகுது, வுடு” என்றார். நான் விடவில்லை.

அந்த வாரமே ரிஸ்வானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ‘பழைய துறைமுகம்’ குழுவில் நான் இனி இருப்பது முறையில்லை, நான் கட்டிக்காத்தது உங்கள் பழசு இல்லை என்றேன். அவர் ஒரு போனின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்க எங்கயும் போகாதீங்க அக்கா” என்றார் கடைசியில். “எங்களுக்கு அவ செத்து இவ்வளவு காலம். உங்களுக்கு நேத்துத்தானே செத்திருக்கா.”

என்னிடம் கேட்டுக்கொண்டு, என் பெயர் போடாமல் இதைக் குழுவில் எழுதினார். பலர் பலவும் சொன்னார்கள். இதுவும் அந்தப் புதுப் படம் மாதிரி மாற்றிச் சொன்ன கதைதானே, இதை மட்டும் ஏன் பாராட்டுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். மோகன் சேர் மட்டும் எனக்குத் தனியாக எழுதினார்: “பேர் கூப்பிடுற அந்தத் தடிச்ச ஆளு என்ன ஆனார்னு உங்க அண்ணிகிட்ட கேட்டுச் சொல்லுங்க.”

புதுப் படத்தை இன்னொரு தடவை பார்த்தேன். போனில். நெய்லா போகும் இடம் வந்தபோது எழுந்து நிற்கவில்லை. அந்த நடிகை நன்றாகத்தான் செய்திருக்கிறாள்.

அன்று அண்ணி வீட்டில் நடந்ததில் ஒன்று மீதமிருக்கிறது. தேநீர் குடித்து முடித்ததும் நான் கேட்டேன்.

“சரி, இப்பவாவது சொல்லுங்க. டிவி பழுதுன்னெல்லாம் சொல்லக்கூடாது. கடைசில நெய்லா வீட்டுக்குப் போனாளா இல்லையா?”

“தெரியாது” என்றார்.

“நீங்க கட்டுன கததானே அண்ணி?”

“அடுத்த கேசட்டுக்கு யோசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அதுக்குள்ளதான் நீ வந்து எறங்கிட்டியே. அப்புறம் அந்தக் கத யாருக்கு?”

சொல்லிவிட்டுப் போஞ்சித் தட்டை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். நானும் கிள்ளத் தொடங்கினேன்.